பழைய ரோடு சைக்கிளுக்கு எந்த ஃப்ரீவீல்? கம்பம், போடிப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச் செயின் போட்டாயிற்று. கடையை விட்டு வெளியே வந்து பெடலை அழுத்தினால் 'டடக்' என்று வழுக்குகிறது. எழுந்து நின்று மிதித்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடிக்கிறது. பழைய ரோடு சைக்கிள் வாங்கிய பலரும் ஃப்ரீவீல் என்ற, பின் சக்கரத்தில் மரையில் ஏறும் பல்சக்கர அடுக்கைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். கடைக்காரர் "ஆறு பல்லா, ஏழு பல்லா?" என்று, அதாவது அடுக்கில் எத்தனை பல்சக்கரம் என்று, மட்டும் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். அது உங்கள் வண்டியில் ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஏறாததைப் பலவந்தமாக ஏற்றினால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பே போய்விடும்.

நம் பள்ளத்தாக்கில் கண்ணில் படும் பழைய ரோடு சைக்கிள்கள் பல ஊர் சுற்றி வந்தவை. வளைகுடாவில் இருந்தவர்கள் கார்கோவில் போட்டு அனுப்பியவை, கட்டப்பனை, குமுளிப் பக்கம் கைமாறி இறங்கியவை, மதுரையில் பழைய சாமானாக வாங்கியவை. எந்த நாட்டுச் சரக்கு, எந்த வருடத்தது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை ஒரு வரிசையில் கேட்டால் காசு வீணாகாது.

மாற்றத்தான் வேண்டுமா?

அங்குலக் கோடு உள்ள ஓர் இரும்பு ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் சுழியை வையுங்கள். செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஆகவே புதுச் செயினில் 24 இடைவெளி தாண்டிய பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 12-ஐத் தாண்டி ஓர் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 8-ல் ஒரு பங்கு தள்ளி நின்றால் அந்தச் செயின் ஏற்கெனவே பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். புதுச் செயின் அதில் உட்காராது. இந்த நிலையில் செயினும் ஃப்ரீவீலும் சேர்ந்தே மாற வேண்டும்.

கைவிட்டு உருளும்போது ஃப்ரீவீல் லேசாகத் தள்ளாடுவதைப் பார்த்து அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புதிதிலேயே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். மிதிக்கும்போது உள்ளே பிடிப்பு விடுவது, பின்னால் சுற்றினால் கரகரவென்று சிக்குவது, பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போலக் கூராவது ஆகியவைதான் மாற்றவேண்டிய அடையாளங்கள். வெறும் கரகரப்பு மட்டும் என்றால், சக்கரத்தைப் படுக்க வைத்து, நிற்கும் பாகத்துக்கும் சுற்றும் பாகத்துக்கும் இடையிலுள்ள சந்தில் மெல்லிய எண்ணெய் விட்டுச் சுற்றிப் பாருங்கள். சாரலில் நனைந்து காய்ந்த பல ஃப்ரீவீல்கள் இதிலேயே சரியாகிவிடும். முகத்தில் இரண்டு துளையுள்ள வளையத்தை மட்டும் திறக்கவேண்டாம். அது இடது மரை. திறந்தால் உள்ளே இருக்கும் பொடிக் குண்டுகள் தரையெல்லாம் ஓடும்.

ஃப்ரீவீலா, கேசட்டா?

பின் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கர அடுக்கைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அச்சை ஒட்டி, சாவி நுழைவதற்கான பள்ளங்கள் தெரியும். பற்கள் சுற்றும்போது அந்தப் பள்ளங்கள் அசையாமல் நின்றால் அது ஃப்ரீவீல். அவையும் சேர்ந்து சுற்றினால் கேசட். கேசட்டில் பிடித்து விடும் பொறி ஹப்பிலேயே இருக்கும். மேலே செருகப்படுவது பற்கள் மட்டுமே. ஷிமானோ அந்த மாதிரி ஹப்பை 1978-லேயே கொண்டுவந்துவிட்டது. எனவே வண்டி பழசு என்பதால் ஃப்ரீவீலாகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. கேசட் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பாதிதான் பயன்படும்.

முதலில் கழற்றுங்கள், பிறகு வாங்குங்கள்

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதிதை வாங்கி வைத்துக்கொண்டு பழையதைக் கழற்ற உட்காருகிறார்கள். கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. அதோடு, ஹப்பின் மரை கண்ணுக்குத் தெரிந்தால்தான் எதை வாங்குவது என்றே முடிவாகும்.

கழற்ற ஓப்பனர், அதாவது அச்சை ஒட்டிய பள்ளத்தில் செருகும் சாவி, வேண்டும். ஃப்ரீவீலின் பள்ளத்தைப் பார்த்து அதற்கேற்ற ஓப்பனரைத் தேட வேண்டும். இப்போது கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 12 வரிப்பற்கள் கொண்ட ஷிமானோ வகை. சன்ரேஸ் ஃப்ரீவீல்களுக்கும் அதுவே பொருந்தும். பழைய சன்டூர் என்றால் எதிரெதிராக இரண்டு காது அல்லது நான்கு காது கொண்டது தேவை. ரெஜினா, ஆட்டம் போன்ற ஐரோப்பியப் பழசுகளில் இரண்டு காதும் உண்டு, 20 வரி கொண்டதும் உண்டு. அளவு கொஞ்சம் மாறினாலும் பொருந்தாது. பள்ளத்தை போனில் நேராகப் படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அனுப்பிக் கேட்பது நல்லது.

ரோட்டோரக் கடையில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றித் தருவார்கள். ஒற்றைப் பல் வண்டிக்கு அந்தக் கைப்பழக்கம் செல்லும். அந்த ஹப் இரும்பு, ஃப்ரீவீலும் விலை குறைந்தது. ரோடு சைக்கிளின் ஹப் அலுமினியம். உளி ஒரு தடவை சறுக்கினால் மரையும் போகும், பள்ளத்தின் விளிம்பும் போகும். விளிம்பு போன ஃப்ரீவீலை அப்புறம் எந்த ஓப்பனராலும் பிடிக்க முடியாது. பட்டறை மேசையில் திருகிப் பிடிக்கும் வைஸ்தான் இதற்குத் தேவை. மறுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்: "அண்ணே, உளி வேணாம், வைஸ் இருந்தா மட்டும் கொடுங்க."

ஏன் இவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்றால், ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை மரையில் இன்னும் இறுக்கவே செய்கிறது. மேட்டில் எழுந்து நின்று மிதித்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் இரவே மரைப் பக்கம் துருவிளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது உதவும். இனி வேலை இப்படி. குவிக் ரிலீஸ் கம்பியை உருவுங்கள். நட் வகை என்றால் வலப்பக்க நட்டைக் கழற்றுங்கள். ஓப்பனர் முழு ஆழத்துக்கு இறங்காவிட்டால் அச்சின் லாக் நட்டையும் எடுக்க வேண்டியிருக்கும். ஓப்பனரைப் பள்ளத்தில் உட்கார வைத்து, அது நழுவாதபடி அதே குவிக் ரிலீஸையோ நட்டையோ லேசாக முடுக்குங்கள். இரண்டு காது வகைக்கு இந்தப் பிடிப்பு இல்லாமல் கை வைக்கவே கூடாது. பிறகு ஓப்பனரை வைஸில் கடிக்கவிட்டு, மேலே படுத்திருக்கும் சக்கரத்தை லாரி ஸ்டியரிங் மாதிரி இரு கையாலும் பிடித்து, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்புங்கள்.

'டங்' என்று ஒரு சத்தத்தோடு விடும். விட்டவுடன் நிறுத்தி, பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் தொடர்ந்து திருப்பினால் வெளியே வரும் ஃப்ரீவீல் நட்டை முட்டி, ஓப்பனரோ அச்சோ உடையும். அதற்கப்புறம் கையாலேயே கழன்று வந்துவிடும்.

இன்னொன்று. ரிம் கெட்டுவிட்டது, ஸ்போக்ஸை வெட்டி ஹப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், வெட்டுவதற்கு முன்பே ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். சக்கரம் இருந்தால்தான் திருப்புவதற்குப் பிடி கிடைக்கும்.

மரை எந்த நாட்டுடையது?

ஹப்பைத் துடைத்து மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். உலகில் பெரும்பாலான ஹப்களில் இருப்பது ஆங்கில அளவு: 1.375 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இத்தாலிய அளவு 35 மி.மீ., அதுவும் அங்குலத்துக்கு 24. இவை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒன்றில் மற்றது ஏறும். ஆனால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் அலுமினிய மரை தேயும். சிக்கல் பிரெஞ்சு அளவில்தான். அது 34.7 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. பழைய பெஜோ போன்ற பிரெஞ்சு வண்டி கையில் இருந்தால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். பிரெஞ்சு ஹப்பில் ஆங்கில ஃப்ரீவீல் ஓரிரு சுற்று தளதளவென்று ஏறிப் பிறகு இறுகும். அதை மிதித்தால் மரை வழித்துக்கொண்டு போய்விடும். ஆங்கில ஹப்பில் பிரெஞ்சு ஃப்ரீவீல் ஒழுங்காக ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

கம்பத்திலோ தேனியிலோ ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குச் சக்கரத்தோடு போங்கள். மரை அளக்கும் தகடு அவர்களிடம் இருக்கும். 24 என்று போட்ட தகடு வெளிச்சம் தெரியாமல் பொருந்தினால் கவலை விட்டது. 1 மி.மீ. தகடு பொருந்தினால் பிரெஞ்சு. பட்டறை கைக்கெட்டாத இடம் என்றால் ஒரு நாட்டுச் சோதனை உண்டு. நம்மூர் சாதாரண சைக்கிளின் ஒற்றைப் பல் ஃப்ரீவீலும் இதே ஆங்கில மரைதான். கிரீஸ் தடவி, கைவிரலால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல், சாவி தொடாமல், கடைசி வரை ஏறினால் ஆங்கில அளவு. நடுவில் இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிரெஞ்சு மரைக்குப் புது ஃப்ரீவீல் தேடி அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஃப்ரீவீல் தப்பிப் பிழைத்தால் சுத்தம் செய்து ஓட்டுங்கள். இல்லையென்றால் ஆங்கில மரை உள்ள வேறு ஹப்பையோ முழுச் சக்கரத்தையோ போடுவதுதான் கடைசியில் மலிவு.

எத்தனை பல்சக்கரம் கொள்ளும்?

பின் அச்சு உட்காரும் ஃபிரேமின் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ளிடைவெளியை அளந்து பாருங்கள். 120 மி.மீ. என்றால் ஐந்து பல்சக்கரம் போட்ட காலத்து வண்டி. 126 என்றால் ஆறு அல்லது ஏழு. 130 என்றால் அதற்கும் பிந்தையது. எண்ணிக்கையைவிட இடைவெளிதான் இங்கே பேசுகிறது. பழைய ஐந்து, ஆறு சக்கர அடுக்குகளில் பல்லுக்குப் பல் 5.5 மி.மீ. அளவில் இடைவெளி இருந்தது. பிறகு வந்த நெருக்கமான ஆறு, ஏழு சக்கர அடுக்குகளில் அது 5 மி.மீ. ஆனது. அதனால் பழைய ஐந்து இருந்த இடத்தில் நெருக்கமான ஆறும், பழைய ஆறு இருந்த இடத்தில் ஏழும் ஏறக்குறைய அடங்கும். ஓரிரு மி.மீ. வாஷர் வலப்பக்கம் தேவைப்படலாம். வாஷர் போட்டால் ரிம் நடுவில் வரும்படி ஸ்போக்ஸை மறுபடி இழுத்துச் சரி செய்ய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

எட்டு சக்கர ஃப்ரீவீலும் விற்கிறார்கள். வேண்டாம். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி இருப்பதால், அடுக்கு அகல அகல அச்சின் முனை தாங்கல் இல்லாமல் நீண்டுகொண்டே போகும். கனமான ஆள், மோசமான ரோடு, பெரிய பள்ளம் எல்லாம் சேர்ந்தால் அச்சு வளையும். கேசட் ஹப் வந்து நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கியர் லீவரையும் கவனியுங்கள். கீழ்க் குழாயில் இருக்கும் லீவர் 'டிக்' சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். எந்தக் கம்பெனி ஃப்ரீவீலும், எத்தனை சக்கரமும் அதற்குச் சரி. கை பழகினால் போதும். 'டிக் டிக்' என்று நின்று நின்று நகர்ந்தால், ஷிமானோ அந்த முறையை 1984-ல் கொண்டுவந்ததற்குப் பிந்தைய வண்டி என்று பொருள். அப்போது லீவரில் எத்தனை டிக்கோ அத்தனை சக்கரம், அதே இடைவெளி. சன்டூர் டிக் லீவருக்கு அதன் சொந்த இடைவெளிதான் ஒத்துவரும். பழைய டிக் லீவர்கள் பலவற்றில் வளையத்தைத் திருப்பினால் டிக் இல்லாமல் ஓடும் வசதி உண்டு. ஒத்துவரவில்லை என்றால் அதற்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

செயின் வாங்கும்போது 6, 7, 8 வேகம் என்று போட்டதைக் கேளுங்கள். சாதாரண சைக்கிளின் அகலச் செயின் இதற்கு உதவாது.

பல் கணக்கு: பள்ளத்தாக்குக்கா, மேட்டுக்கா?

தேனியிலிருந்து சின்னமனூர், கம்பம் வரை ரோடு பெரிதாக ஏறாது. ஆனால் ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும் காற்று இருக்கிறதே, அதற்கு எதிரே ஓட்டுபவருக்குப் பெரிய பல்லைவிட நெருக்கமான பற்கள்தான் உதவும். ஒரு பல் மாற்றினால் கொஞ்சமாக இளக வேண்டும், தடாலென்று இளகக் கூடாது. பழைய பந்தய வண்டிகளில் 13 அல்லது 14-ல் ஆரம்பித்து 24-க்குள் முடியும் அடுக்குகள் இருந்தது இதற்காகத்தான். இப்போது அவற்றைப் பழைய சரக்கில் தேட வேண்டும். கடையில் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் 14-28. ஷிமானோவின் டூர்னி வரிசை ஆறு சக்கர ஃப்ரீவீலில் பற்கள் 14, 16, 18, 21, 24, 28. ஏழில் 14, 16, 18, 20, 22, 24, 28. சமவெளிக்கு இரண்டுமே போதும். காற்றுக்கு ஏழு சக்கரமே நல்லது.

கூடலூர் தாண்டி லோயர் கேம்பில் ரோடு நிமிர்ந்ததும் கதை மாறிவிடும். போடிமெட்டு இன்னும் கடினம்: 17 கொண்டை ஊசி வளைவு, கீழிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். பழைய ரோடு சைக்கிளில் முன்னால் இருப்பது வழக்கமாக 52, 42 என்ற இரண்டு செயின்வீல். சின்னது 42. பின்னால் 28 போட்டால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று, அதாவது ஏறக்குறைய 3.15 மீட்டர். மேட்டில் சாதாரண ஆள் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில்தான் ஏறுவார். அப்படியானால் நிமிடத்துக்கு 42 சுற்று. ஒவ்வொரு மிதியும் படியேறுவது போலக் கனக்கும், முழங்கால் பேசும். அதே இடத்தில் 34 பல் இருந்தால் 51 சுற்று வரும். சுகம் என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் எஸ்டேட் ஜீப் ஹாரன் அடிக்கும்போது தள்ளாடாமல் ஓரமாக ஏறிக்கொண்டே இருக்கலாம்.

சரி, 34 வாங்கிவிடலாமே என்றால், டிரெய்லியர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளி மாற்றும், கையில் இரண்டு உருளை உள்ள பின் பொறி, சம்மதிக்க வேண்டும். இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, அது ஏறக்கூடிய பெரிய பல். பழைய பந்தய வகைக் குட்டைக் கை டிரெய்லியர்கள் 26-லிருந்து 28 வரைதான் போகும். அதற்கு மேல் போட்டால் மேல் உருளை பல்லில் உரசும். இரண்டாவது, மொத்தச் செயின் தொய்வு. முன்னால் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், பின்னாலும் அப்படியே கழித்து, இரண்டையும் கூட்டுங்கள். 52, 42-க்கு 10, 14-28-க்கு 14, ஆக 24. அதையே 14-34 ஆக்கினால் 30. குட்டைக் கை இந்தத் தொய்வைச் சுருட்டாது, செயின் தொங்கும்.

ஆகவே மேடு ஏற விரும்புபவர் ஃப்ரீவீலோடு நீளக் கை டிரெய்லியரும் சேர்த்து வாங்க வேண்டும். டூர்னி வகை 34 பல் வரை போகும், விலையும் குறைவு. ஃபிரேமில் டிரெய்லியர் மாட்டும் காது இல்லாத வண்டிகளுக்குக் கொக்கித் தகடு சேர்ந்து வருவதைக் கேட்டு வாங்குங்கள். டிக் இல்லாத லீவரோடு அது பிரச்சினை இல்லாமல் ஓடும். பழைய வண்டியின் அழகு கெட்டுவிடும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. போடிமெட்டில் பாதியில் இறங்கித் தள்ளுவது அதைவிட அழகா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

14-34 அடுக்கில் ஒரு குறை: 24-லிருந்து நேராக 34-க்குத் தாவும். நடுவில் ஒன்றும் இல்லை. மாற்றும் கணத்தில் கால் வெறுமனே சுற்றும். வளைவுக்குள் நுழைந்த பிறகு மாற்றாமல், முன்பே மாற்றிவிடுங்கள். இந்தத் தாவல் பிடிக்காதவர்கள் முன்னால் சின்னச் செயின்வீலை மாற்றிப் பார்க்கலாம். ஐந்து போல்ட் வட்டத்தின் விட்டம் 130 மி.மீ. என்றால் 38 பல் வரை குறைக்கலாம். 144 என்றால் 41-க்குக் கீழே போகாது, செலவு செய்து பயனில்லை.

மாட்டுவது

ஹப் மரை முழுவதும் கிரீஸ் தடவுங்கள். இதைத் தவிர்த்தால் அடுத்த முறை கழற்றும்போது வைஸே பெயர்ந்து வரும். ஸ்போக்ஸைக் காக்கும் தட்டு இருந்தால் முதலில் அதை வையுங்கள். ஃப்ரீவீலை நேராக வைத்து, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரையின் வாய் சேரும்போது ஒரு சின்ன அமுக்கம் கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். கையாலேயே அடி வரை ஏற வேண்டும். இறுக்கச் சாவி தேவையில்லை, உங்கள் மிதியே இறுக்கிவிடும்.

சக்கரத்தை மாட்டிச் சின்னப் பல்லில் செயினைப் போட்டுப் பாருங்கள். செயின் ஃபிரேமில் உரசினால் வாஷர் வேண்டும். செயின் நீளத்துக்கு, டிரெய்லியரைச் சேர்க்காமல் முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று சுற்றி, சேரும் இடத்திலிருந்து இரண்டு கணு, அதாவது ஓர் அங்குலம், கூட விட்டு வெட்டுங்கள்.

கடைசியாக டிரெய்லியரின் இரண்டு எல்லைத் திருகுகள். 'எச்' என்று போட்டது சின்னப் பல் பக்கம், 'எல்' என்று போட்டது பெரிய பல் பக்கம். பழைய அடுக்குக்கு வைத்த எல்லை புதியதற்குப் பொருந்தாது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் சுற்றி, பெரிய பல்லுக்கு ஏற்றிய பிறகு டிரெய்லியரை விரலால் ஸ்போக்ஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். செயின் பல்லைத் தாண்டி விழ வாய்ப்பிருந்தால் 'எல்' திருகை உள்ளே முடுக்குங்கள். இந்தத் தவறு சமவெளியில் வெளியே தெரியாது. மேட்டில், எடை முழுவதும் பெடலில் இருக்கும்போது, 34-க்கு மாற்றும் அந்த ஒரு கணத்தில்தான் செயின் ஸ்போக்ஸுக்குள் இறங்கும்.

பிறகு வீட்டுப் பக்கத்துச் சமமான ரோட்டில், கனமான கியரில், உட்கார்ந்தபடியே பத்திருபது மிதி அழுத்தி மிதியுங்கள். ஃப்ரீவீல் மரையில் கடைசிப் பிடிப்பைப் பிடிக்கும்போது ஒரு சின்ன நகர்வு தெரியலாம், அது சரிதான். இறுகிய பிறகு அடுக்கு இம்மியளவு உள்ளே போயிருக்கும். அதனால் எல்லைத் திருகுகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு மேட்டுக்குக் கிளம்புங்கள்.